குதிரை நிற லேபில் வேலைக்குச் சேர்கிறீர்களா?

பயோடெக் படித்துவிட்டு விலங்கு மரபணு லேபில் சேரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிசிஆர் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நம்பிப் போகாதீர்கள். மெஷின் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். முடிவைச் சரியாக வாசித்து, குதிரைக்காரருக்குப் புரியும்படி சொல்லத் தெரிகிறதா என்பதில்தான் உங்கள் மதிப்பு இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மரபியல் ஆய்வகம் போன்ற இடங்களில் குதிரை நிறப் பரிசோதனை அன்றாட வேலை. அதில் ஆளைத் திணறடிப்பவை நிறத்தை வெளிறச் செய்யும் மரபணுக்கள்.

முதலில் சாம்பிள். பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு பிடுங்கிய 20 முதல் 30 மயிர்கள் வேண்டும். டிஎன்ஏ கிடைப்பது வேரில்தான். கத்தரித்து அனுப்பினால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். தாயின் மயிரும் குட்டியின் மயிரும் ஒரே உறையில் வந்தாலும் அப்படியே.

அடுத்து, கண்ணை நம்பாதீர்கள். கிரீம் மரபணு ஒரு பிரதி இருந்தால் செந்நிறக் குதிரை பொன்னிற உடலும் வெளிர் பிடரியுமாகப் பாலமினோ ஆகிறது. இரண்டு இருந்தால் இளஞ்சிவப்புத் தோல், நீலக் கண் கொண்ட கிரெமெல்லோ. ஆனால் கறுப்புக் குதிரையில் ஒரு பிரதி ஒளிந்திருந்தால் பல சமயம் அடையாளமே தெரியாது. சில்வர் மரபணு இதற்கு நேர்மாறு. அது கறுப்பு நிறமியை மட்டுமே தொடும் என்பதால், செந்நிறக் குதிரை அதைச் சுமந்துகொண்டு சாதுவாக நிற்கும். சில்வரோடு பிறவிக் கண் கோளாறும் சேர்ந்து வருகிறது. இரண்டு பிரதி உள்ள குதிரைக்குப் பாதிப்பு கடுமை. அந்த ரிப்போர்ட்டை அனுப்பும்போது அழகான நிறம் என்று வாழ்த்திவிட்டுப் போக முடியாது. கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரக்கூடிய சண்டை இது: குதிரை மஞ்சளாக நிற்கிறது, ரிப்போர்ட்டோ கிரீம் இல்லை என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கிரீம் பரிசோதனை கிரீமை மட்டுமே தேடும். முதுகில் கருங்கோடு ஓடினால் டன், தோலில் புள்ளிகள் இருந்தால் ஷாம்பெய்ன் என்று அடுத்த பரிசோதனைக்கு வழிகாட்டலாம். அதையும் யூகம் என்றே சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் தேதியையும் பாருங்கள். கிரீமுக்கான மாற்றம் 2003இல் வெளியானது, சில்வர் 2006இல், ஷாம்பெய்ன் 2008இல், நிறத்தை வெளிறச் செய்யும் இன்னொரு மாற்றமான மஷ்ரூம் 2019இல். பழைய ரிப்போர்ட் எழுதப்பட்டபோது பிந்தையவற்றுக்குப் பரிசோதனையே கிடையாது.

நல்ல ஆளை அடையாளம் காட்டுவது வேறொன்று: தப்பான முடிவை மோப்பம் பிடிப்பது. கிரீமும், நிறத்தை வெளிறச் செய்யும் பேர்ல் என்பதும் ஒரே மரபணுவின் இரு வேறு மாற்றங்கள். ஒரு குதிரைக்கு அந்த மரபணுவில் இருப்பது இரண்டே இடம். ஆகவே கிரீம் இரண்டு, கூடவே பேர்ல் ஒன்று என்று முடிவு வந்தால் எங்கோ சாம்பிள் கலந்திருக்கிறது. கிரீம் ஒன்று, பேர்ல் ஒன்று என்று வந்தால் பதறாதீர்கள். அந்தக் குதிரை கிரெமெல்லோவைப் போலவே வெளிறித் தெரியும். இரட்டைக் கிரீம் தாய்க்குக் கிரீமே இல்லாத குட்டி என்று வந்தாலும் ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். உறை மாறியிருக்கலாம், அல்லது அந்தத் தாயே வேறாக இருக்கலாம். மேலதிகாரி கோபப்பட்டாலும் மறுபரிசோதனை கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கனமான தொலைபேசி அழைப்பு அரேபியக் குதிரை வளர்ப்பவரிடமிருந்து வரும். லாவெண்டர் குட்டி நோயில் குட்டி வெளிறிய சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் பிறக்கும். நரம்புக் கோளாறால் எழுந்து நிற்க முடியாது, பிழைப்பதும் இல்லை. நோயைச் சுமக்கும் இரு குதிரைகளை இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத வாய்ப்பு. முதல் குட்டி நலமாகப் பிறந்துவிட்டதே, அடுத்ததும் அப்படித்தானே என்பார்கள். இல்லை, ஒவ்வொரு முறையும் அதே 25 என்று நிதானமாகச் சொல்லுங்கள். நோயைச் சுமக்கும் குதிரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, நோயைச் சுமக்காத துணையோடு இணைத்தால் நோயுள்ள குட்டி பிறக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

நேர்காணலுக்குப் போகுமுன் இந்தச் சேர்க்கைகளைக் காகிதத்தில் கட்டம் போட்டுக் கையால் கணக்கிட்டுப் பழகுங்கள். உங்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.