பழைய கோவாப் பேராலயம் கற்பிக்கும் பாடம்



பேராலயம் என்றால் பெரிய ஆலயந்தானே என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. அப்படியல்ல. ஆயரின் இருக்கை அமைந்திருப்பதே ஓர் ஆலயத்தைப் பேராலயமாக்குகின்றது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இந்தியாவின் பழைய கோவாவில் உள்ள புனித கத்தரீன் பேராலயம்.

வெற்றிச் சின்னமாக எழுந்தது

1510ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அலெக்சாந்திரியா நகர்ப் புனித கத்தரீனின் திருநாளன்று, போர்த்துக்கீசர் கோவாவைக் கைப்பற்றினர். அதன் நினைவாகவே அவரது பெயர் ஆலயத்துக்குச் சூட்டப்பட்டது. இன்றுள்ள கட்டடத்தின் வேலை 1562இல் தொடங்கி, 1619இல் பெரும்பாலும் முடிவுற்றது. நீளம் ஏறக்குறைய 250 அடி. முகப்பின் இரு கோபுரங்களில் ஒன்று 1776இல் விழுந்தது; அது மீண்டும் கட்டப்படவில்லை.

ஓர் அரசின் வெற்றியைப் பறைசாற்ற எழுந்த ஆலயம் இது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அந்த அரசு 1961இல் கோவாவை விட்டு அகன்றது. அதற்கு வெகுமுன்னரே கொள்ளைநோய்களால் மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். 1843இல் பஞ்சிம் தலைநகராயிற்று. அரசும் போயிற்று, நகரும் போயிற்று. திருப்பலியோ நின்றுவிடவில்லை. பேராயரின் இல்லம் பஞ்சிமில் இருப்பினும், அவருடைய பேராலயம் இன்றும் இதுவே.

சட்டமும் சுண்ணாம்பும்

இந்தியத் தொல்லியல் துறை இவ்வாலயத்தைப் பாதுகாக்கின்றது. 1986இல் கோவாவின் ஆலயங்களும் துறவுமடங்களும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட வழிபாட்டிடத்தை அதன் தன்மைக்கு ஒவ்வாத எதற்கும் பயன்படுத்தலாகாது என்கின்றது 1958ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம்.

ஆனால் சட்டம் மட்டும் சுவரைக் காப்பாற்றாது. கோவாவின் ஆலயங்கள், துளைகள் நிறைந்த சிவந்த செம்புரைக்கல்லால் கட்டப்பட்டவை. அக்கல் மழைநீரை உறிஞ்சும். ஆகவே அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினர். பேராலயம் அவ்வெண்பூச்சுடன் நிற்கின்றது. அருகிலுள்ள போம் ஜேசு பசிலிக்காவின் வெளிப்பூச்சோ 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகற்றப்பட்டது. சிவந்த கல் கண்ணுக்கு அழகாயிற்று. ஆனால் மழைக்காலந்தோறும் அது தேய்ந்து வருகின்றது. பழமையாகத் தோன்றச் செய்வது வேறு, பழமையைப் பேணுவது வேறு.

நமக்கும் உறவுண்டு

அந்தப் பசிலிக்காவிலேதான் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டுள்ளது. 1544இல் மன்னார் மக்களின் அழைப்பை ஏற்று, அவர்களுக்குத் திருமுழுக்கு அளிக்கக் குருவானவர் ஒருவரை அனுப்பியவர் அவரே. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அவரது திருவுடல் பேராலயத்துக்குக் கொண்டுவரப்படும். இறுதியாக 2024 நவம்பர் 21 தொடக்கம் 2025 ஜனவரி 5 வரை, மக்கள் அங்கே திரண்டு வணங்கினர். தொல்லியல் சின்னம் மீண்டும் மக்களின் வீடாயிற்று.

நம் ஊர்களிலும் பாட்டனார் காலத்துச் சிற்றாலயங்கள் உண்டு. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவதும், பழைய சுண்ணாம்பைச் சுரண்டிச் சீமெந்து பூசுவதும் எளிது. சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சுவர் உள்ளிருந்தே கெடும். நல்லெண்ணத்துடன் செய்வதே அழிவாகலாம். அப்படியே பழுதின்றிக் காத்தாலும், அங்கே செபமாலை சொல்ல ஆளில்லையெனில், நாம் காத்தது வெறுஞ் சுவரையே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது பங்கின் பழைய ஆலயத்தை எழுப்பியவர்கள் யார்? பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

2. திருநாளில் மட்டுமா, சாதாரண நாளிலும் அங்கே செல்கிறோமா?