டெக்சஸ் கிராமப்புறத்தில் வீடு கட்டப் போகிறீர்களா?

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் நகரத்தை விட்டுத் தள்ளி ஓர் ஐந்து ஏக்கர் வாங்கி, தோட்டம் துரவோடு வீடு கட்ட ஆசை. ‘அங்கே ஸோனிங்கே கிடையாது, இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம்’ என்று தரகர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. டெக்சஸில் ஸோனிங், அதாவது எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் அதிகாரம், நகரங்களுக்குத்தான் உண்டு. கவுண்டிகளுக்குப் பொதுவாக இல்லை. ஆனால் செப்டிக், வெள்ளப் பகுதி, சாலை இணைப்பு, மனைப் பிரிவு ஆகியவற்றில் கவுண்டியின் கை ஓங்கியே இருக்கும். நிலம் நகர எல்லைக்கு வெளியே இருந்தாலும், பக்கத்து நகரத்தின் இ.டி.ஜே. வட்டத்துக்குள் (எல்லைக்கு வெளியேயும் நகரத்தின் அதிகாரம் நீளும் பகுதி) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மனை பிரிப்பதில் நகரத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

2. எல்லாவற்றிலும் முக்கியம் செப்டிக் பெர்மிட். வீடு எங்கே அமையும், எத்தனை படுக்கையறை வைக்கலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்யும். கிணற்றுத் தண்ணீரை நம்பிய மனை என்றால் குறைந்தது 1 ஏக்கர், பொதுக் குடிநீர் இணைப்பு இருந்தால் அரை ஏக்கர் என்பது மாநில விதி. கிணற்றுக்கும் செப்டிக் தொட்டிக்கும் 50 அடி, கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கு 100 அடி விட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் மண். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வந்து, கழிவுநீர் இறங்கப்போகும் இடத்தின் இரு கோடியிலும் குழி தோண்டி, மண்ணை அடுக்கடுக்காகப் பார்ப்பார். டாலஸிலிருந்து ஆஸ்டின் வரை நீளும் பட்டையில் இருப்பது நம் கரிசலைப் போன்ற கறுப்புக் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், தண்ணீரை உள்ளே விடாது. அங்கே சாதாரண செப்டிக் பெரும்பாலும் தேறாது. ஏரோபிக் முறைதான் வைக்க வேண்டிவரும்: கழிவுநீரைச் சுத்திகரித்து, குளோரின் கலந்து, ஸ்பிரிங்க்ளரில் தெளிப்பது. செலவு கூடும், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும். தெளிக்கும் இடத்தில் காய்கறி பயிரிடக் கூடாது. தோட்டக் கனவோடு வருகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ‘பத்து ஏக்கர் இருந்தால் செப்டிக் பெர்மிட் வேண்டாம்’ என்ற பேச்சும் உண்டு. 10 ஏக்கருக்குக் குறையாத நிலம், ஒரே குடும்ப வீடு, செப்டிக்கின் எந்தப் பகுதியும் எல்லையிலிருந்து 100 அடி தள்ளி என்று மாநிலச் சலுகைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. சில கவுண்டிகள் அந்தச் சலுகையையே தருவதில்லை. கவுண்டி அலுவலகத்தில் கேட்டுவிட்டே நம்புங்கள்.

4. பத்திரத்தோடு ஒட்டிவரும் கட்டுப்பாடுகளை வரி விடாமல் படியுங்கள். மொபைல் ஹோம் கூடாது, கோழி, ஆடு கூடாது, வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் இருக்கலாம். ஸோனிங் இல்லாத இடத்தில் இவைதான் சட்டம்போல் நிற்கும். பக்கத்து நிலக்காரர் வழக்கே போடலாம்.

5. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஏ, ஏ.இ. என்று தொடங்கும் பகுதி என்றால் வீட்டுக்கு மட்டுமின்றி, மண் கொட்டி மேடாக்கவும் கவுண்டியின் அனுமதி வேண்டும். இந்தப் பகுதிகளைப் பற்றிச் சொல்லப்படும் ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதன்று. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஏறத்தாழ 26 சதவீதம் ஆகிவிடும்.

6. வீட்டுக்குப் போகும் பாதைக்கும் பெர்மிட் உண்டு. கவுண்டி சாலை என்றால் கவுண்டியிடம், எஃப்.எம். என்ற பலகை போட்ட சாலை என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். ஓரக் கால்வாயில் பதிக்கும் குழாயின் அளவை அவர்களே சொல்வார்கள்.

7. 2009-ல் வந்த சட்டப்படி, தீர்மானம் நிறைவேற்றிய கவுண்டிகளில் புது வீட்டுக்கு மூன்று ஆய்வுகள் உண்டு: கான்கிரீட் ஊற்றும் முன், சுவர்ப்பலகை மூடும் முன், கட்டி முடித்தபின். உங்கள் கவுண்டியில் இல்லாவிட்டாலும் சொந்தச் செலவில் இன்ஸ்பெக்டர் வைத்து இந்த மூன்றையும் செய்துகொள்ளுங்கள். வெடிக்கும் மண்ணில் அஸ்திவாரம் பிசகினால் பிறகு சரிக்கட்டுவது பெரும்பாடு.

8. விவசாய நிலம் என்று சொத்துவரி குறைவாக இருக்கும். வீடு எழும் பகுதிக்கு அந்தச் சலுகை போய்விடும். முந்தைய 3 ஆண்டு வரி வித்தியாசமும் கேட்கக்கூடும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் சேருங்கள்.

9. தோண்டும் முன் 811-ஐ அழையுங்கள். இலவசம்தான், எரிவாயுக் குழாய்கள், மின்கம்பிகள் இருக்கும் இடத்தைக் குறித்துத் தருவார்கள்.

10. வாங்கும் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன் காலம்’ என்ற பகுதியைத் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். சிறு தொகை கொடுத்தால் அந்த நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். செப்டிக் மண் பரிசோதனையை அந்தக் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை மற்ற எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.