உண்டியல் கணக்கில் விடை ஏன் எதிர்மறையில் வருகிறது?

கேள்வி: ஐயா, மலேசியாவின் ஸ்கூடாயில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்த என் மகள் இப்போது படிவம் ஒன்றில் படிக்கிறாள். “உண்டியலில் 20 காசும் 50 காசுமாக 43 நாணயங்கள், மொத்தம் 14 வெள்ளி 90 காசு. ஒவ்வொன்றும் எத்தனை?” என்ற கணக்குக்கு அவளுக்கு எதிர்மறை விடை வருகிறது. நான் மனக்கணக்காகச் சொல்லிவிடுவேன். ஆனால் சமன்பாடு போட்டால்தான் மதிப்பெண்ணாம். என் முறையைச் சொல்லிக்கொடுத்தால் குழம்புவாளா?
— ஒரு தாய்

பதில்: குழம்பமாட்டாள் அம்மா. நீங்கள் மனத்தில் போடுவதும் சமன்பாடுதான்.

முதலில் தவற்றைப் பார்ப்போம். மகள் பெரும்பாலும் 20க + 50ச = 14.90 என்று எழுதியிருப்பாள். இடப்பக்கம் காசு, வலப்பக்கம் வெள்ளி. 43 நாணயங்கள் என்பதோடு சேர்த்து இதைத் தீர்த்தால் எதிர்மறை விடைதான் வரும். இரண்டு பக்கமும் காசாக, 1490 என்று இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எழுத்து எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யாமலே தொடங்குவது. பல பிள்ளைகள் ஒரு வரியில் அதை எண்ணிக்கையாகவும் அடுத்த வரியில் பணமாகவும் கொள்கிறார்கள். க என்பது 20 காசு நாணயங்களின் எண்ணிக்கை, ச என்பது 50 காசு நாணயங்களின் எண்ணிக்கை. பணம் அல்ல. இது தெளிந்தால் இரண்டு சமன்பாடுகளும் தாமே வந்துவிடும்:

க + ச = 43
20க + 50ச = 1490

இனி உங்கள் மனக்கணக்கு; அது அநேகமாக இப்படித்தான் இருக்கும். 43 நாணயங்களும் 20 காசு என்று வைத்தால் 860. இன்னும் 630 வேண்டும். ஒரு 20 காசை எடுத்து 50 காசு வைத்தால் 30 கூடும். ஆக 21 முறை மாற்ற வேண்டும். 50 காசு 21, 20 காசு 22.

தாளில் முதல் சமன்பாட்டை 20-ஆல் பெருக்குங்கள்: 20க + 20ச = 860. இரண்டாவதிலிருந்து கழித்தால் 30ச = 630. அதே 860, அதே 630, அதே 30! வகுப்பில் மலாயில் ‘பெங்ஹாபுசான்’ என்று நடத்தும் நீக்கல் முறை இதுதான். கடைக் கல்லாவிலிருந்தே நாணயங்களை எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டுங்கள். அந்த 30 எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவாள்.

நாணயத்தைப் பாதியாக உடைக்க முடியாது என்பதும் நமக்கு உதவி. 14.90-ஐ 15.00 என்று தவறாகப் பார்த்து எழுதினால் 640-ஐ 30-ஆல் வகுக்க வேண்டிவரும், மீதி விழும். உடனே கேள்வியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

10 காசும் சேர்ந்து மூன்று வகையானால் இரண்டு தகவல் போதாது. 10 நாணயங்கள், 2 வெள்ளி, மூன்று வகையும் உண்டு என்றால் 10, 20, 50 காசுகள் முறையே 3, 6, 1 ஆகவும் இருக்கலாம். 6, 2, 2 ஆகவும் இருக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் கணித அறிஞர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ நூலில் 100 பணத்துக்கு நான்கு வகைப் பறவைகளில் 100 வாங்கச் சொன்ன கணக்கும் இந்த இனமே. அதற்கும் விடைகள் பல.

மகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: சமன்பாட்டுக்கு முன், எந்த எழுத்து எதன் எண்ணிக்கை என்று ஒரு முழு வாக்கியம் எழுதட்டும். எழுதிய பிறகே கணக்கைத் தொடங்க விடுங்கள்.