இதயத்துக்குள் எத்தனை கிராம் விசை?

மாணவர்களே! இரண்டரைச் சவரன் தங்கத்தின் எடை எவ்வளவு? ஒரு சவரன் 8 கிராம். எனவே 20 கிராம். நியூட்டனில் சொன்னால் சுமார் 0.2. இச்சிறு விசையைச் சரியாக அளப்பதில் ஒரு நோயாளியின் நலமே அடங்கியுள்ளது. எவ்வாறு என்று காண்போம்.

இதயத்தைச் சுருங்கச் செய்வது மின்தூண்டல். இயல்பாக அது மேலறைகளில் பரவி, கீழறைகளை அடைந்து ஓய்ந்துவிடும். ஏட்ரியல் ஃப்ளட்டர் எனும் மேலறைப் படபடப்பில் அது ஓய்வதில்லை. வட்டத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலைப் போல, வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுழல்கிறது. கீழறைகள் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில் துடிக்கின்றன.

தண்டவாளத்தைத் துண்டித்தால் ரயில் நின்றுவிடும் அல்லவா? வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையே உள்ள குறுகிய தசைப்பாதையே துண்டிக்க வேண்டிய இடம். தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையிலிருந்து சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்ச்சுவர். வெப்பநிலை 50 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் அவ்விடத்துத் திசு மின்தூண்டலைக் கடத்தும் திறனை இழக்கும். இதுவே கதீட்டர் அபிலேஷன். பட்டாபிராமுக்குக் கிழக்கே முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற மருத்துவமனைகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

புள்ளி புள்ளியாகச் சுட்டு வரையும் கோட்டில் இடைவெளி இருத்தலாகாது. ஏரிக்கரையில் ஓர் எலிவளை போதுமே, நீர் வெளியேற! இங்கேதான் விசை முக்கியமாகிறது. முனை லேசாகத் தொட்டால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி இரத்தத்தில் கலைந்து, திசு ஆழமாகச் சூடேறாது. மிகுதியாக அழுத்தினால் மெல்லிய மேலறைச் சுவர் துளைபடலாம்.

மருத்துவரின் கை இவ்விசையை உணராதா? கதீட்டரின் நீளமோ ஒரு மீட்டருக்கு மேல். வழியெங்கும் வளைவும் உராய்வும். இதயமும் ஓயாமல் அசைகிறது. ஆகவே கைப்பிடியில் உணரும் விசை வேறு. முனையில் உள்ள விசை வேறு.

இதற்கு நீங்கள் படித்த ஹூக் விதி துணைபுரிகிறது. ஒருவகைக் கதீட்டரின் முனையை நுண்ணிய சுருள்வில் தாங்குகிறது. வில்லின் சுருக்கம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அச்சிறு நகர்வைக் காந்தப்புல முறையில் அளந்து, திரையில் கிராம் கணக்கில் காட்டுவர். மற்றொரு வகையில் ஒளியிழைகள் உள்ளன. முனை அழுந்தும்போது திரும்பிவரும் ஒளி மாறுபடுகிறது.

மேலறை நடுக்கம் என்ற உறவு நோயைப் பற்றி 2012-இல் வெளியான டோக்காட்டா ஆய்வைப் பாருங்கள். சராசரி விசை 10 கிராமுக்குக் குறைந்த நோயாளிகள் அனைவருக்கும் கோளாறு திரும்பியது. 20 கிராமுக்கு மேற்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு வரை அது திரும்பாமல் இருந்தனர். விசையோடு காலமும் கணக்கில் சேரும்: 20 கிராம் விசை 20 விநாடி நீடித்தால் 400 கிராம்-விநாடி.

செய்து பாருங்கள்: மின்னணுத் தராசின் தட்டை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் 20 கிராம் அளவுக்கு 20 விநாடி அழுத்துங்கள். நண்பர் அளவைக் குறிக்கட்டும். பிறகு கண்ணைத் திறந்து, எண்ணைப் பார்த்தபடியே அழுத்துங்கள். அளவியின் அருமை உங்கள் விரலுக்கே விளங்கும்.