இரு கைகளும் ஒரு மின்தேக்கியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்துவிட்டால் அந்த 5 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதை வண்டி நெரிசலில் சிக்கியவர்கள் அறிவர். இந்தத் தூரத்தையும் நேரத்தையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள், மாணவர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு சாரல் நாளில், பேரருவியில் குளித்துவிட்டு வந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈரத் துண்டுடன் அப்படியே சாய்ந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் துண்டால் விசிறினார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். மற்றொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். விழுந்தவரின் வாய், கரையில் போட்ட மீனின் வாய்போல, இடையிடையே திறந்து மூடியது. “மூச்சு இருக்கிறது” என்று எல்லோரும் தேறுதல் கொண்டோம். அது மூச்சன்று, இதயம் நின்ற சில நிமிடங்கள்வரை தோன்றக்கூடிய வெறும் திணறல் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. கார் ஒன்றில் ஏற்றி அனுப்பினோம். அவர் பிழைக்கவில்லை. பல ஆண்டுகளாக வகுப்பில் மின்தேக்கியின் ஆற்றலைக் கணக்கிடக் கற்றுக் கொடுத்துவந்த நான், அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் உடலில் என்ன நடந்திருக்கக் கூடும்? இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு, நிமிடத்திற்கு எழுபது முறைபோல் ஒரு சிறு மின் துடிப்பை எழுப்புகிறது. அதைக் கேட்டுத் தசையிழைகள் எல்லாம் ஒருங்கே சுருங்குகின்றன. தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே, ஒரே குரலுக்கு அனைவரும் வடத்தை இழுப்பதால் தேர் நகர்கிறது. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால்? ஆரவாரம் இருக்கும், தேர் நகராது. இதயத்தின் கீழறைகளில் இப்படி நேரும்போது அவை புழுக்கூட்டம்போல் நெளியுமே தவிர, இரத்தத்தை வெளியே தள்ளா. இரத்தக் குழாய் அடைபடும் மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

இரத்தம் ஓடாவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை கேடுறத் தொடங்கும். 5 கிலோமீட்டரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தக் குழப்பத்தை அடக்கும் வழி மின்சாரத்தில் இருக்கிறது. 1899இல் ஜெனீவாவில் பிரிவோ, பட்டேல்லி என்ற இருவர் நாய்களின் இதயத்தில் ஆராய்ந்து, சிறிய மின்னதிர்ச்சி இந்த நெளிவைத் தூண்டுவதையும், பெரிய அதிர்ச்சி அதை நிறுத்துவதையும் கண்டனர். 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனை இம்முறையில் பிழைக்க வைத்தார். திறந்த மார்பின் வழியே இதயத்தின் மீதே மின்வாயை வைத்தார். இன்றைய டிஃபிபிரிலேட்டர் கருவியோ மார்பின் தோலின் மேலிருந்தே வேலை செய்கிறது.

அதன் உள்ளே இருப்பது உங்கள் பாடநூலிலுள்ள மின்தேக்கிதான். 32 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 3500 வோல்ட்டுக்கு மின்னேற்றினால் அதிலுள்ள ஆற்றல் 196 ஜூல். கணக்கிட்டுப் பாருங்கள். 20 லிட்டர் அருவி நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலும் அதே 196 ஜூல்தான். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஆற்றல் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெளியேறினால் திறன் ஏறத்தாழ 20 கிலோவாட் ஆகிவிடுகிறது! அது இதயத்தை ஓட வைப்பதில்லை. எல்லா இழைகளையும் ஒருகணம் ‘நில்’ என்று நிறுத்துகிறது. பிறகு கணுவின் குரல் மீண்டும் கேட்கிறது. திரைப்படங்களில் நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு அதிர்ச்சி கொடுப்பார்கள். குழப்பமே இல்லாத இடத்தில் குழப்பத்தை அடக்கும் கருவிக்கு என்ன வேலை?

கருவி வரும்வரை என்ன செய்வது? இதற்கு விடை கண்டவர்களில் இருவர் மருத்துவர் அல்லர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. மின்கம்பத்தில் வேலை செய்வோர் மின்சாரம் தாக்கி இறப்பதைத் தடுக்க வழி தேடியவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மின்பொறியாளர் கௌவன்ஹோவன். 1958இல் அவருடைய மாணவர் நிக்கர்பாக்கர், மின்வாய்களை நாயின் மார்பில் அழுத்தும்போதே, மின்சாரம் பாய்ச்சுமுன், இரத்த அழுத்தம் சற்று உயர்வதைக் கவனித்தார். வேறொருவர் பிழையென்று தள்ளியிருப்பார். அறுவை மருத்துவர் ஜூடும் சேர்ந்து ஆராய, 1960இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் சாரம், இதயத்தை இயக்க இரண்டு கைகள் போதும் என்பது. வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும் சேர்ந்து அதுவே சி.பி.ஆர். ஆயிற்று.

விழுந்தவரைத் தட்டி உரக்க அழையுங்கள். பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், ஒருவரை 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே தொடங்குங்கள். தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறுகையை அதன்மேல் கோத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தம். முழங்கையை மடக்காதீர்கள்; நேராக நீட்டிய கையின் வழியே உங்கள் உடல் எடையே வேலை செய்யட்டும். தசையை நம்பினால் விரைவில் களைத்துவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ விடவேண்டும். இதயம் மீண்டும் நிரம்புவது அப்போதுதான். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுங்கள். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் மட்டும் போதும். பயின்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊதுவார்.

நீரில் மூழ்கியவர் நிலை வேறு. அருவி ஊரில் இதைச் சொல்லாமல் விட இயலாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தின் திடீர் வெள்ளம் மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. மூழ்கியவருக்கு முதலில் தீர்வது ஆக்சிஜன். எனவே ஊதும் மூச்சு இங்கு மிக முக்கியம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீர் எடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். அவை நேரத்தைத் தின்பதோடு, வயிற்றிலுள்ளதை நுரையீரலுக்குள் தள்ளியும் விடலாம்.

பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் காணப்படும் தானியங்கி டிஃபிபிரிலேட்டர், அதிர்ச்சி தேவையா என்பதைத் தானே கணித்து, செய்யவேண்டியதை வாய்விட்டுச் சொல்லும். ஈர மார்பைத் துடைத்த பிறகே ஒட்டுத் தகடுகளை ஒட்டவேண்டும். இல்லையேல் மின்னோட்டம் இதயத்தை விட்டுத் தோல்மேல் உள்ள நீர்வழியே குறுக்கே போய்விடும். அதிர்ச்சி பாயும்போது யாரும் அவரைத் தொடலாகாது.

வீட்டில் ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் நூலில் ஒரு சிறு குண்டைக் கட்டி ஊசலாட விடுங்கள். அலைவுநேரம் 1.1 விநாடி, ஆகவே அது நிமிடத்தில் ஏறத்தாழ 109 முறை இரு கோடிகளில் ஏதாவதொன்றைத் தொடும். ஒவ்வொரு கோடிக்கும் ஓர் அழுத்தமாக, இறுகிய தலையணை ஒன்றின்மீது இரண்டு நிமிடம் அழுத்திப் பழகுங்கள். இயல்பாகத் துடிக்கும் இதயமுள்ள நண்பன் மார்பில் வேண்டாம். முதல் நிமிடத்திலும் இரண்டாம் நிமிடத்திலும் உங்கள் வேகம் ஊசலோடு ஒத்துப்போனதா என்று நண்பனைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.