சிறு கடைகளில் சிப்பந்திகளின் ஊக்கம்

பெருந்தொழிற்சாலைகளில் உழைப்போரின் குறைகளை எடுத்துரைக்கச் சங்கங்கள் உள. ஐவரும் பதின்மரும் வேலை பார்க்கும் துணிக்கடை, பாத்திரக்கடை, அச்சுக்கூடம் முதலியவற்றின் சிப்பந்திகளைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஆதலின், அவர்தம் மனச்சோர்வு எதனால் விளைகின்றது, அதனைக் குறைக்கும் வழி யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வேலை மிகுதியே சோர்வுக்குக் காரணமெனப் பலரும் எண்ணுவர். அஃது ஓரளவே உண்மை. தீபாவளி வியாபாரத்தில் நள்ளிரவுவரை உழைத்தும் முகம் வாடாதாரைக் காண்கின்றோம். வாடிக்கைக்காரர் ஒருவரும் வாராத பகற்பொழுதில் வாடி நிற்பாரையும் காண்கின்றோம். உட்கார்ந்தால் ஏச்சு விழுமென்னும் அச்சமே பின்னவரை வாட்டுவது. எனவே, வேலையின் அளவை மட்டுமன்றி, வேலை செய்வோரை நடத்தும் முறையையும் நாம் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, இருக்கை. நாள் முழுதும் நிற்பதனால் கால் வீக்கமும், இரத்தக் குழாய்ப் புடைப்பும், முதுகுவலியும் உண்டாகின்றன. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் இக்குறை நீங்கப் பல ஆண்டுகள் போராடினர். அதன் பயனாக 2018-ஆம் ஆண்டில் அங்கும், 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும், கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை அளித்தல் வேண்டுமெனச் சட்டம் திருத்தப்பெற்றது. ஒரு நாற்காலிக்கும் சட்டம் வேண்டியதாயிற்றே என்று நாம் நாணுதல் தகும்.

இரண்டாவது, காலவரையறை. நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியுமே வேலை நேரமெனச் சென்னை மாகாணக் கடைகள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே விதித்தது. ஆயினும் பல இடங்களில் கடை சாத்தும் நேரம் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்தே நிற்கின்றது. எப்பொழுது வீடு திரும்புவோம் என்றறியாதவன் உள்ளம் எவ்வாறு அமைதியுறும்?

மூன்றாவது, செவிசாய்த்தல். அமெரிக்காவில் சிக்காகோ நகரின் அருகிலுள்ள ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை சில சோதனைகள் நிகழ்ந்தன. விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். ஒளிக்கும் வேலையின் அளவுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. பின்னர் ஆயிரக்கணக்கான ஊழியரைத் தனித்தனியே அழைத்து அவர்தம் மனக்குறைகளைக் கேட்டனர். அச்சோதனைகளின் முடிவுகளிற் சிலவற்றைப் பிற்காலத்தோர் மறுத்துள்ளனர். எனினும், ஊழியர் சொல்லைக் கேட்டல் இன்றியமையாதது என்னும் கருத்துத் தொழிலுலகில் வேரூன்றியது.

பெருந்தொழிற்சாலைக்கு இதன்பொருட்டு அதிகாரிகள் பலர் வேண்டும். சிறு கடை முதலாளியோ கல்லாப்பெட்டியின் அருகிலிருந்தே யாவரையும் காண்கின்றார். இஃது அவருக்கு வாய்த்த பெரும்பேறு. இதிலேயே தீங்கும் உண்டு. அவர் வாடிக்கைக்காரர் முன்னிலையிற் கூறும் ஒரு சுடுசொல் அனைவர் செவியிலும் விழுந்து, நெடுநாள் ஆறாது நிற்கும். ஆதலின் புகழ்வதைப் பலர் முன்னும், கண்டிப்பதைத் தனியிடத்தும் செய்தல் நலம்.

திருமறையில் ரூத்தின் சரித்திரத்தைப் படித்தோர் போவாசை அறிவர். அவர் வயலுக்கு வந்தவுடன் அறுவடை செய்வோரை வாழ்த்தினார். அவர்களும் அவரை வாழ்த்தினர். உணவு வேளையில் அவர்களோடு அமர்ந்து, அயல்நாட்டு ஏழைப் பெண்ணாகிய ரூத்துக்கும் வறுத்த கோதுமை கொடுத்தார். சிறு தொழில் நடத்துவார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முதலாளிக்கும் கவலைகள் பல உண்டு. வாடகை, கடன், பெருங்கடைகளின் போட்டி ஆகியவை அவரையும் வருத்துகின்றன. நினைத்தவுடன் சம்பளத்தை உயர்த்த அவரால் இயலாது போகலாம். குறித்த நாளில் குறையாது கொடுத்தல் அவர் கடமை. இன்சொல் கூலிக்கு ஈடாகாது. கூலியும் இன்சொல்லுக்கு ஈடாகாது.

நம் மாணவருட் சிலர் நாளை கடை நடத்துவர். சிலர் கடையில் ஊழியம் புரிவர். நாம் அனைவரும் கடைக்குச் செல்வோம். பத்துப் புடைவைகளை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு ஒரு நன்றிமொழி கூறிவிட்டுப் படியிறங்குதல் நம் எல்லோருக்கும் இன்றே இயலும்.