ஆரவாரம் விளையாட்டாகுமா?

மைதானத்தில் ஆடுவோர் ஒரு சாரார்; கரையில் நின்று ஊக்குவிப்போர் மற்றொரு சாரார். பெரும்போட்டி நாளிலே கொடியேந்திக் கோஷமிட்டுத் தொண்டை கம்மி வீடு திரும்பிய அநுபவம் நம் பழைய மாணவர் பலர்க்கும் உண்டு. அதனை ஒரு விளையாட்டென்று எவரும் கருதியதில்லை. அதற்குக் கல்லூரி வர்ணம் வழங்குக என எவரும் கேட்டதுமில்லை. ஆயின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இக் கரையோர முழக்கமே தனிக்கலையாக வளர்ந்து, கல்லூரி விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்கத் தக்கதோ என்னும் வழக்காகி, நீதிமன்றம் வரை சென்றுள்ளது. அந்நாட்டார் சியர்லீடிங் என வழங்கும் அதனை ஈண்டு ஆரவாரம் என்றே குறிப்போம். பிறநாட்டு விவகாரம் இதுவெனினும், ஒன்றை விளையாட்டென ஏற்கும் கல்லூரி அதனோடு வேறு எவற்றையெல்லாம் ஏற்கின்றது என்னும் கேள்வி எல்லாக் கல்லூரிகட்கும் உரியதே.

இதன் வரலாறு சுவையானது. 1898ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், மின்னசோற்றாப் பல்கலைக்கழக அணி உதைபந்தாடிக் கொண்டிருந்தபோது (அமெரிக்க முறை உதைபந்தாட்டம், நம்முடையதன்று), ஜோனி கம்பெல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே வந்து நின்று முழக்கத்தை ஒழுங்குபடுத்தி நடத்தினார். அதனையே தொடக்கமாகக் கொள்வர். பின்னர்ப் பல்லாண்டுகள் இஃது ஆடவர்க்கே உரிய பணியாயிருந்தது. பிராங்ளின் றூஸ்வெல்ற் ஹாவாட்டிலே அதனைச் செய்தவர். முழங்காற் காயத்தால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்த ஐசனோவர், வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் ஆரவாரத் தலைவராய் நின்றவர். இருவரும் பின்னாளிற் சனாதிபதிகளாயினர். 1920களிற் பெண்கள் இதனுட் புகத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர் சென்றபோது அவ்விடங்கள் பெரிதும் பெண்கள் வசமாயின. 1948இல் லோறன்ஸ் ஹேர்க்கிமர் என்பார் ரெக்சாஸ் மாநிலத்தில் நடத்திய முதற் பயிற்சி முகாமுக்கு வந்தோர் 52 பெண்களும் ஓர் ஆணும். ஆடவர் செய்தபோது தலைமைத்துவம் எனப்பட்டது, பெண்கள் கைக்கு மாறியதும் அலங்காரம் எனப்பட்டதோ என ஐயுற இடமுண்டு.

பிற்காலத்தே குரலினும் உடலே இக்கலையில் முதன்மை பெற்றது. குட்டிக்கரணம், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் கூம்புக் கோபுரம், ஒருவரை மேலே எறிந்து ஏந்துதல் என அது கடினமாயிற்று. 1978இல் கல்லூரிகளின் ஆரவாரப் போட்டி தேசியத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. எனினும் பெரும்பாலான கல்லூரிகளில் அக்குழுவின் நிலை மாறவில்லை. பிறர் ஆட்டத்தின் இடைவேளையை நிரப்பும் துணைக்குழுவாகவே அது நின்றது.

அந்நிலையால் விளையும் கேடு என்னை என்று கேட்பார்க்கு 2006ஆம் ஆண்டு மார்ச் மாத நிகழ்ச்சி ஒன்று விடையாகும். சென். லூயிஸ் நகரிலே கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றின் இடைநிறுத்தத்தில், தென் இலினோய்ப் பல்கலைக்கழக ஆரவாரக் குழுவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கோபுரத்தின் உச்சியினின்றும் வீழ்ந்தாள். கழுத்தென்பு முறிந்தது. தூக்குப் படுக்கையிலே கட்டி அவளை வெளியே கொண்டுசெல்கையில், இசைக்குழு கல்லூரியின் ஊக்கப் பாடலை வாசித்தது. அவள் படுத்தவாறே கைகளை அசைத்துத் தன் அபிநயத்தைச் செய்தாள். கண்டோர் கைதட்டினர். அக்கைதட்டலைக் கேட்டு மகிழ எமக்கு மனம் ஒருப்படவில்லை.

தனியொரு விபத்தைக் கொண்டு முடிவு கூறுதல் முறையன்று என்பர். கணக்கைப் பார்ப்போம். ஆரவாரக் காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்குச் சென்றோர் தொகை 1980இல் 4,954 எனவும் 2007இல் 26,786 எனவும் மதிப்பிடப்பட்டது. ஏனைய பல விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் ஒட்டுமொத்தக் காயவீதம் குறைவே. ஆயின் தலை, கழுத்து, முள்ளந்தண்டு ஆகியவற்றைத் தாக்கி வாழ்வையே குலைக்கும் பெருங்காயங்களை மட்டும் எடுத்தால், 1982 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்கக் கல்லூரி மகளிர்க்கு விளையாட்டாலுற்றவற்றுள் மூன்றிலிரண்டு பங்களவு இவ்வொன்றாலேயே நேர்ந்தவை. எனவேதான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2012இல், இதனை விளையாட்டென அங்கீகரிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அங்கீகாரம் வந்தால் தகுதிபெற்ற பயிற்றுநர், மருத்துவ மேற்பார்வை, தக்க பயிற்சியிடம், பயிற்சி நேர வரையறை ஆகியனவும் உடன்வரும் என்பது அவர்தம் கருத்து.

இக்கருத்தை நாமும் ஏற்கிறோம், ஆனால் முழுவதுமன்று. பெயர் வந்தாற் பாதுகாப்பு வந்தே தீரும் என்பதற்கு உறுதி யாது? விஸ்கொன்சின் மாநிலத்திலே பாடசாலை மாணவி ஒருத்தி, விரிப்பில்லாத ஓடு பதித்த தரையிற் பயிலும்போது வீழ்ந்து தலையில் அடியுண்டாள். தாங்கிப் பிடிக்க வேண்டிய தோழர் கவனக்குறைவாய் இருந்தாரென வழக்குத் தொடர்ந்தாள். 2009இல் அம்மாநில உயர்நீதிமன்றம், ஆரவாரமும் உடலோடு உடல் மோதும் விளையாட்டே எனத் தீர்ப்பளித்தது. அத்தகைய விளையாட்டில் ஈடுபடுவோர் கவனக்குறைவுக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்காட இயலாது என்பது அம்மாநிலச் சட்டமாதலின், அவள் வழக்குத் தள்ளுண்டது. விளையாட்டு என்னும் பெயரால் அவள் இழந்தது உண்டு, பெற்றது ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டே கனெற்றிக்கட் மாநிலத்தில் இதற்கு மாறான தீர்ப்பொன்று வந்தது. அதனை விளங்கிக்கொள்ள 1972ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பை அறிதல் வேண்டும். அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையம் ஆண் பெண் என வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். விளையாட்டிலும், மாணவியர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் அவர்கட்கு இடம் கொடுத்தல் அச்சட்டத்தை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்றாம். 2009இல் குவினிப்பியாக் பல்கலைக்கழகம் செலவைச் சுருக்க எண்ணி, மகளிர் கரப்பந்தாட்டக் குழுவையும் ஆடவர் குழுக்கள் இரண்டையும் கலைத்து, போட்டி ஆரவாரக் குழுவொன்றை அமைப்பதாக அறிவித்தது. கரப்பந்தாட்ட மாணவியரும் அவர்தம் பயிற்றுநரும் வழக்குத் தொடுத்தனர்.

நீதிபதி ஸ்ரெபன் அண்டர்ஹில் 2010இல் அளித்த தீர்ப்பு ஊன்றிக் கற்கத் தக்கது. அம்மாணவியரின் உடல்வலிமையையோ திறமையையோ அவர் ஐயுறவில்லை. அவர் நோக்கியது அமைப்பை. ஆட்களைத் தேர்ந்து சேர்க்கப் பயிற்றுநர் வெளியூர் சென்றதில்லை. போட்டிக்குப் போட்டி விதிகளும் புள்ளிமுறைகளும் மாறின. எதிரணிகளும் ஒத்த தரத்தன அல்ல. ஆகவே அக்குழுவின் 30 இடங்களையும் மகளிர் விளையாட்டுக் கணக்கில் அவர் சேர்க்க மறுத்தார். நாளடைவில் இது விளையாட்டாக வளரக்கூடும், இன்னும் அந்நிலை எய்தவில்லை என்பதே அவர் துணிபு. 2012இல் மேல்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கரப்பந்தாட்டக் குழு நிலைத்தது.

இத்தீர்ப்பு ஆரவார மாணவியரை இழிவுசெய்ததெனச் சிலர் வருந்தினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. மூன்று குழுக்களைக் கலைத்த இடத்திலே, வேண்டிய ஏற்பாடொன்றும் செய்யாது புதிய பெயர்ப்பலகையை நாட்டிக் கணக்கை நேராக்க முயன்றமையே இழிவு. ஒரு மாணவியின் இடத்தைப் பறித்து இன்னொருத்திக்கு அரைகுறையாய்க் கொடுத்தல் இருவர்க்கும் அநீதியாகும்.

நடுவர் புள்ளியிடும் அழகுக் கலை எங்ஙனம் விளையாட்டாகும் என்பாருமுளர். நீர்ப்பாய்ச்சலும் சீருடற்பயிற்சியும் அங்ஙனம் புள்ளியிடப்படுவனவே. அவ்வாதத்தில் நெடிது நிற்கவேண்டுவதில்லை. எம் நோக்கில் உரைகல் வேறொன்று. அக்குழு யாருடைய வெற்றிக்காக உழைக்கின்றது? மற்றோர் அணியின் வெற்றிக்காகக் கூட்டத்தை எழுப்புவது முதன்மைத் தொழிலாயின் அஃது ஊக்குவிப்பு. தன் வெற்றிக்காக, பொதுவிதியின்கீழ், நிகரான எதிரணியோடு மோதுவதாயின் அது விளையாட்டு.

இவ்வுரைகல்லுக்கு இணங்கவே பின்னை நிகழ்ச்சிகளும் அமைந்தன. குவினிப்பியாக் குழுவே முழக்கத்தை விட்டுச் சாகச உடற்பயிற்சிப் போட்டிக்கு மாறியது. ஸ்ரண்ற் என்னும் புதிய போட்டிமுறையொன்றும் 2011இல் தோன்றிற்று. நான்கு பகுதிகள் கொண்ட அதிலே, இரண்டு அணிகள் பக்கம் பக்கமாக நின்று ஒரே வித்தையை ஒரே நேரத்திற் செய்யும். பிழை குறைந்தது எதுவோ அதற்கே புள்ளி. கூட்டத்தை நோக்கிக் கூவுதல் அறவே இல்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் முன்னதை 2020இலும் பின்னதை 2023இலும் வளர்ந்துவரும் மகளிர் விளையாட்டுகளின் வரிசையிற் சேர்த்தது. உலக அளவில் ஒலிம்பிக் குழுவும் ஆரவாரத்தின் சர்வதேச ஒன்றியத்திற்கு 2021இல் முழு அங்கீகாரம் நல்கியது.

இங்ஙனம் போட்டி ஆரவாரம் தன் உரிமையைப் படிப்படியாகப் பெற்றுவருதல் நன்றே. ஆனால் கூடைப்பந்தாட்டத்தின் இடைநிறுத்தத்தில் கோபுரம் கட்டுவோர் அவ்வரிசைகளிற் சேர்ந்தவரல்லர். 2006இல் வீழ்ந்தவள் அத்தகையோருள் ஒருத்தி. தரைக்கு விரிப்பும், அருகே மருத்துவரும், எவ்வளவு உயரம் ஏறலாமென்று சொல்லத் தெரிந்த பயிற்றுநரும் அவர்கட்கும் வேண்டும். இவற்றை வழங்கக் கல்லூரி எந்தச் சங்கத்தின் பட்டியலையும் பார்த்திருக்க வேண்டியதில்லை.